பேராக்கின் சிறு வீடுகள்: கோலகங்சார் முதல் ஊத்தான் மெலிந்தாங் வரை

கோலகங்சார்

பேராக் மாநிலத்தில் தமிழர் குடியிருந்த வீடுகளைத் தேடிச் செல்லும் பயணம் ஒரு மரத்தடியில் தொடங்குவதே பொருத்தமாகும். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்படும் முதிய ரப்பர் மரம், 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த நாற்றுகளுள் பேராக்குக்குக் கிடைத்த ஒன்பதில் மிஞ்சியது என்று போற்றப்படுகிறது. அவற்றை இங்கே நடச் செய்தவர், சுல்தானின் ஆலோசகர் என்ற பெயரில் உண்மையான ஆட்சியை நடத்திய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ ஆவார். இந்த மரத்தின் வம்சம் பெருகித் தோட்டங்கள் எழுந்தபோது, அத்தோட்டங்களுக்காகத் திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். அவர்களைக் குறைந்த செலவில் ஒரே இடத்தில் தங்கவைப்பதற்காக எழுந்த கட்டடமே லயம். மலேசியத் தமிழர் ‘லயத்து வீடு’ என்று சொல்வதும், இலங்கை மலையகத்தார் ‘லயக் காம்பரா’ என்று சொல்வதும், ஒரு நீண்ட கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட சிற்றறைகளையே குறிக்கும்.

அண்மைக் காலத்தில் சிறிய வீட்டில் வாழ்வது உலகெங்கும் ஒரு விருப்பமாக, சில இடங்களில் ஒரு கொள்கையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகளின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, மேற்பரணைக் கணக்கில் சேர்க்காமல் 400 சதுர அடிக்கு, அதாவது ஏறத்தாழ 37 சதுர மீட்டருக்கு மிகாத வீட்டைச் சிறுவீடு என்று வரையறுத்து, அதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. மங்கோலியப் புல்வெளியின் நாடோடிகள் மரச்சட்டப் பின்னலின்மேல் ஆட்டு உரோமக் கம்பளத்தைப் போர்த்திக் கட்டும் வட்டக் கூடாரமான யூர்ட்டும் இந்த விருப்பத்தோடு சேர்ந்து வெளிநாடுகளுக்குப் பரவியது. குறைந்த பொருள், குறைந்த கடன், குறைந்த மின்சாரம், இயற்கைக்கு நெருக்கம் ஆகியவையே இவ்வாழ்க்கையின் கவர்ச்சிகளாகச் சொல்லப்படுகின்றன. பேராக்கின் தமிழர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அதைவிடச் சிறிய வீடுகளில் வாழ்ந்தவர்கள் என்பதால், இக்கவர்ச்சிகளையும் அவற்றின் மறுபக்கத்தையும் உரசிப் பார்க்க இந்த மாநிலத்தைவிட ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

மரத்திலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கெனாங்ஙான் அரண்மனை 1926இல் ஆணி ஒன்றும் அடிக்காமல், மூங்கில் தட்டியைப் பின்னிச் சுவராக்கிக் கட்டப்பட்டது. அரசருக்குரியதாயினும் அதன் இலக்கணம் கிராமத்து மலாய் வீட்டினுடையதே. கால்களின்மேல் தரையை உயர்த்தி அடியில் காற்றோட விடுவதும், முதலில் ஒரு கூடத்தை மட்டும் கட்டிக்கொண்டு, மகள் மணமாகும்போதும் பேரன் பிறக்கும்போதும் பக்கவாட்டிலும் பின்னாலும் அறைகளைச் சேர்த்துக்கொண்டே போவதும் அவ்வீட்டின் இயல்புகள். அதனால் மலாய்க் கிராமத்து வீடு சிறியதாகத் தொடங்கினாலும் சிறியதாகவே நின்றுவிட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. லயத்து வீட்டுக்கோ இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். குடும்பம் எவ்வளவு பெருகினாலும் அறை பெருகாது.

சுங்கை சிப்புட்

கோலகங்சாரிலிருந்து தெற்கே ஈப்போவை நோக்கி வரும் சாலையில் சுங்கை சிப்புட் இருக்கிறது. ஊரின் வெளிப்புறம் எங்கும் இப்போது செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனைதான் நிற்கிறது. பழைய கித்தாக் காடுகள், மலாய்ச் சொல்லை ஒட்டி ரப்பர் மரங்களுக்கு இங்கே வழங்கும் பெயரில் சொல்வதானால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு உடைமையாளர் நிலங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. தோட்டங்கள் உருமாறிய பின்பும் அவற்றின் பெயர்கள் மறையாமல் இருப்பதற்குப் பெருங்காரணம் பள்ளிகளே. எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஹீவுட் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயர்ப்பலகைகளைப் பார்த்தே பல பழைய எல்லைகளை ஒருவர் ஊகித்துக்கொள்ள முடிகிறது.

செம்பனைக் காட்டின் ஓரமாகச் செம்மண் பாதையில் உள்ளே சென்றால், ஆள் குடியில்லாத ஒரு லயத்தின் எச்சம் தென்படுகிறது. துத்தநாகத் தகரம் போர்த்திய கூரை பாதி சரிந்திருக்க, அறைகளுக்கு இடையிலான பலகைச் சுவர்கள் கூரையைத் தொடாமல் இடையிலேயே நின்றுவிட்டது வெளியிலிருந்தே தெரிகிறது. மரத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தவும் காற்று ஓடவும் செய்த அந்த ஏற்பாட்டினால், ஒரு வீட்டுச் சண்டையும் தாலாட்டும் இருமலும் வரிசையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் பொதுவாயின. தொடக்ககால லயங்களில் அறை ஒன்று பத்தடிக்குப் பத்தடியோ பத்தடிக்குப் பன்னிரண்டடியோதான் இருந்தது. இரண்டு வரிசைகளை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய இடங்களில் பின்பக்கச் சன்னலுக்கும் வழியில்லை. பிற்காலத்தில் முன்னே ஓர் அஞ்சடி, அதாவது தூண்கள் தாங்கிய குறுகிய தாழ்வாரமும், பின்னே ஓர் அடுப்படியும், உள்ளே இன்னோர் அறையும் சேர்ந்தன. தண்ணீருக்குப் பொதுக்குழாய், கழிவறைக்கும் பொது வரிசை. நண்பகலில் தகரம் காய்ந்து உள்ளே இருக்க முடியாத வெக்கை. மழை பெய்தால் பேசுவது கேட்காத இரைச்சல். தகரத்துக்கு முந்திய அத்தாப்புக் கூரை, அதாவது நீப்பா ஓலை வேய்ந்த கூரை, இவ்விரண்டு தொல்லைகளையும் தரவில்லை. ஆனால் அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதும் தீப்பிடிப்பதுமாக இருந்தது.

இவ்வளவு சிறிய இடத்தில் ஆறேழு பேர் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற கேள்விக்கு விடை அறைக்குள் இல்லை, அதன் வெளியில்தான் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பசியாறுவதற்கு முன்பே பிரட்டுக் களத்தில், அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், நின்றாக வேண்டும். குளிர் நேரத்தில்தான் பால் நன்றாக ஊறி வடியும் என்பதால் வெயில் ஏறுமுன்னே தனக்குரிய நிரையில் மரங்களை வெட்டி முடித்து, சற்று இளைப்பாறிய பின் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாக் கம்பில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். கைக்குழந்தைகள் அதுவரை ஆயாக்கொட்டகையில் இருக்கும். மாலையில் ஆண்கள் பந்துத் திடலிலோ கள்ளுக்கடையிலோ கூட, பெண்கள் குழாயடியிலும் அஞ்சடியிலும் கூடினார்கள். லயத்துக்குப் பின்னால் கத்தரியும் முருங்கையும் வாழையும் வெற்றிலைக் கொடியும் வளர்ந்தன. மாடு வைத்திருந்தவர்களும் பலர். மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் தோட்டமே ஒரு வீடாகிவிடும். அறை என்பது சமைக்கவும் துணி வைக்கவும் இரவில் படுக்கவும் மட்டுமே பயன்பட்டது. வெக்கை மிகுந்த இரவுகளில் படுக்கையும் அஞ்சடிக்கு வந்துவிட்டது. சிறுவீட்டு இயக்கத்தார் இன்று பரிந்துரைக்கும் வாழ்க்கைமுறையும், வீட்டைச் சுருக்கி வெளியை விரிப்பது என்ற அளவில், இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

வேறுபாடு தொடங்கும் இடம் வேறு. சுங்கை சிப்புட் நகரத்தின் ஓரத்தில் மகனுடன் வசிக்கும் எழுபது வயதைக் கடந்த ஒரு முன்னாள் பால்வெட்டுப் பெண், தம் பழைய லயத்து வாழ்க்கையைக் கேட்பவருக்கு முதலில் அடுக்குவதெல்லாம் மகிழ்ச்சியான செய்திகளே: கருவாட்டுக் குழம்பு ஒரு வீட்டில் கொதித்தால் நான்கு வீட்டுக்குக் கிண்ணம் போகும், பிரசவ வலி எடுத்தால் கதவைத் தட்ட வேண்டியதில்லை, பிள்ளைகளைத் தேட வேண்டியதில்லை. வெளியேறிய நாளைப் பற்றிக் கேட்டால்தான் குரல் மாறுகிறது. “கிராணி வந்து சாவிய எப்பம்மா குடுப்பீங்கன்னு கேட்டாரு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கூட்டிப் பெருக்குன வீடு. அன்னிக்குத்தான் அது நம்ம வீடில்லன்னு உறைச்சுது” என்கிறார். தோட்ட அலுவலகத்து எழுத்தரைத்தான் கிராணி என்பார்கள். வேலைக்கு இருப்பவருக்கே வீடு, வேலை நின்றால் வீடும் நின்றது என்ற விதி லயத்தின் அளவில் எழுதப்படவில்லை. ஆனால் அந்த அளவைக் காட்டிலும் அதுவே வாழ்க்கையைக் குறுக்கியது.

லயத்தின் பெருஞ்செல்வமாகிய வெளியும் ஒருமுறை பறிக்கப்பட்டதுண்டு, அதுவும் இவ்வூரை ஒட்டியே தொடங்கியது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டை அடுத்த இரு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, மலாயா முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. 1950இல், கிளர்ச்சியாளருக்கு மக்களின் உதவி கிடைக்காமல் செய்யும் பிரிக்ஸ் திட்டம் வந்தபின், காட்டோரச் சீனக் குடியிருப்புகள் புதுக்கிராமங்களாக மாற்றப்பட்டதைப் போலவே, சிதறிக் கிடந்த தோட்ட லயங்களும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. இரவில் வாயில் பூட்டப்பட்டது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. பத்தடி அறையோடு வேலியும் சேர்ந்த அக்காலத்தைப் பற்றி மூத்தவர்கள் பேசும்போது, அறையின் நெருக்கத்தைப் பற்றிய முறையீடு அதற்குப் பிந்திய காலத்தைவிட மிகுதியாகக் கேட்கப்படுகிறது; அறை அதே அறைதான்.

இவ்வூரில் 1919இல் பிறந்த, மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் நோயைச் சரியாகவே கண்டுகொண்டவர் என்று சொல்ல வேண்டும். நாட்டு விடுதலைக்குப் பின் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுச் சென்றபோது, வேலையோடு வீட்டையும் இழந்து நின்ற குடும்பங்களுக்காக அவர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளி கட்டி, தொழிலாளரே தோட்டங்களின் பங்குதாரர் ஆவது அதன் நோக்கம். வீட்டைப் பெரிதாக்கக் கோரிய இயக்கமன்று அது. நிலத்தின் உரிமையைக் கோரிய இயக்கம்.

ஈப்போ

ஈப்போவின் தொடர்வண்டி நிலையத்தை வெள்ளை மாளிகைபோல் எழுப்பியவர்கள் ஈயத்தின் செல்வத்தை நம்பினார்கள். 1917இல் முடிந்த அக்கட்டடம் இன்றும் நகரத்தின் பெருமையாக நிற்கிறது. அதன் பின்புறத் திசையில், லஹாட் சாலைத் தமிழ்க் கடைகளைக் கடந்தால் புந்தோங் வருகிறது. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களுள் பலர் வந்து சேர்ந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று. கச்சான் பூத்தே என்ற பெயரில் மலேசியா முழுவதும் விற்பனையாகும் வறுகடலை, முறுக்கு, ஓமப்பொடி வகைகளுக்குப் பேர்போன தெரு இங்கேதான் இருக்கிறது. வீட்டின் முன்பக்கம் கடை, நடுவே குடியிருப்பு, பின்கட்டில் பெரிய வாணலிகள் என்று ஒரே கூரையின்கீழ் மூன்று பயன்களை அடக்கிய அவ்வீடுகள், இடத்தை வீணாக்காமல் வாழ்வதற்குப் பேராக்கில் காணக்கூடிய மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் சேரும். வறுத்த பருப்பை ஒரு கரண்டி அள்ளிக் கையில் போட்டு, “தின்னு பாருங்க, அப்புறம் வாங்குங்க” என்று சொல்லும் பெண்மணிக்கு வெளியூர்க்காரர் வாங்காமல் போவார் என்ற ஐயமே இல்லை.

சுற்றுவட்டாரத்தின் மலிவு விலை அடுக்குமாடிகளில் கதை வேறு. எண்பதுகளின் தொடக்கம் முதல் 1998 வரை மலேசிய அரசு மலிவு விலை வீட்டுக்கு 25,000 ரிங்கிட் என்று விலை வரம்பு வைத்திருந்தது. பின்னர் இடத்தைப் பொறுத்து 42,000 வரை உயர்த்தியது. ஏறத்தாழ 600, 650 சதுர அடியும் மூன்று படுக்கையறைகளும் கொண்ட அவ்வீடு லயத்து அறையைவிட ஐந்து மடங்கு பெரிது. கழிவறையும் குழாயும் உள்ளேயே உண்டு. கடன் தீர்ந்தால் உரிமைப் பத்திரமும் கைக்கு வரும். இவ்வளவு இருந்தும், எட்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பம் தம் வீட்டை நெருக்கடியானது என்றே விவரிக்கிறது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. அஞ்சடி இருந்த இடத்தில் நடைவழி, அதிலும் செருப்பு வைத்தால் புகார். முருங்கைக் கன்று ஒன்று பெயிண்டு டின்னில் நிற்கிறது. காய்க்கப் போவதில்லை என்பது வளர்ப்பவருக்கும் தெரியும். மின்தூக்கி பழுதான நாட்களில் முதியவர்கள் கீழே இறங்குவதில்லை. இறந்தவரை வைத்துச் சடங்கு செய்யக் கூடம் போதாமல், மாடிப்படியில் பெட்டியைத் திருப்ப முடியாமல், கீழ்த்தளத்து வாகன நிறுத்தத்தில் கொட்டகை போட வேண்டியிருக்கிறது. பொங்கலன்று அடுப்பை எங்கே மூட்டுவது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது.

தமிழகத்திலிருந்து வருபவருக்கு இக்காட்சி புதிதன்று. சென்னையின் கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டவர்கள் சொல்வதும் இதே கணக்குத்தான். சதுர அடியை மட்டும் அளந்து வீடு கட்டித் தரும் அதிகாரிகள், வாசலுக்கு வெளியே இருந்த கடை, கோயில், பள்ளி, பழக்கப்பட்ட முகங்கள் ஆகியவற்றை அளப்பதற்கு எந்த நாட்டிலும் அளவுகோல் வைத்துக்கொள்ளவில்லை.

பத்து காஜா

ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜாவை அடுத்து நிற்கும் கெல்லி கோட்டை, இப்பயணத்தின் நடுவே வந்து குறுக்கிடும் மிகப் பெரிய வீடு. ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் கிராமத்திலிருந்து வந்து, கிந்தா கெல்லாஸ் என்ற ரப்பர்த் தோட்டத்தை உருவாக்கிய வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் இம்மாளிகையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து கொத்தனார்கள் வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. கோபுரத்தில் மின்தூக்கிக்கென்றே ஒரு குழி விடப்பட்டது. பணியின்போது பரவிய ஸ்பானியக் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டபோது, அவர்கள் வேண்டிக்கொண்டபடி அருகில் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. 1926இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார். வீடு முடிவடையவே இல்லை. சுற்றுலாப் பயணிகள் அக்கோட்டையைப் பேய் வீடு என்று பேசுவதில் ஆர்வம் காட்டுகிறார்கள். கோயிலிலோ பூசை நடக்கிறது. அதன் கூரைமேல் தொப்பியணிந்த துரையின் உருவமும் தெய்வ உருவங்களோடு ஒன்றாக நிற்கிறது.

கோப்பெங்

சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் மத்தியத் தித்திவாங்சா மலைத்தொடருக்கும் இடையில் உள்ள கோப்பெங், ஈயம் தீர்ந்தபின் கம்பார் ஆற்றில் காற்றடைத்த படகு ஓட்டுபவர்களாலும் டுரியான் பழத்தோட்டங்களாலும் பிழைக்கும் சிற்றூர். மலையடிவாரத்தில் செமாய் பழங்குடி மக்களின் ஊர்கள் உள்ளன; மூங்கிலைப் பிளந்து தரையாகவும் சுவராகவும் பரப்பிய அவர்களுடைய மரபு வீடுகளில் காலுக்கடியில் காற்று வருவதை உணர முடியும். அவ்வீடுகளுக்குச் சில மைல் தொலைவில், வார இறுதிக்காகக் கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கென யூர்ட்டைப் போன்ற வட்டக் கூடாரங்களும் மரச்சிற்றறைகளும் பழைய சரக்குப் பெட்டகத்தை அறுத்துச் செய்த அறைகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன.

இத்தகைய ஓர் இடத்தில் தங்கியிருந்த தமிழ்க் குடும்பத்தில், தம்பதியர் இருவரும் தலைநகரில் அலுவலகப் பணியாளர்கள். மனைவியின் தந்தை ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மரச்சிற்றறையின் உள்ளே நுழைந்து ஒரு சுற்றுப் பார்த்த பெரியவர் மகளிடம், “ஏம்மா, பணங்கட்டி லயத்துல படுக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தே?” என்று கேட்டதாக மகளே சிரித்துக்கொண்டு சொல்கிறார். ஆனால் பெரியவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தகரத்துக்குக் கீழே பஞ்சு அடைத்துப் பலகை தைத்திருப்பதைத் தட்டிப் பார்த்து, “இத அன்னைக்கே போட்டிருந்தா பாதி வியாதி வந்திருக்காது” என்று தீர்ப்பும் வழங்கியிருக்கிறார். அறையின் குறுக்களவைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுமில்லை.

வட்டக் கூடாரத்தைப் பற்றி அவருடைய கருத்து அவ்வளவு கனிவாக இல்லை, அதற்கு நியாயமும் இருக்கிறது. மங்கோலியர் ‘கெர்’ என்று அழைக்கும் கூடாரம் கடுங்குளிருக்கும் வறண்ட காற்றுக்கும் ஏற்றது. இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்து வேறு மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுபோகக்கூடியது. அதைச் செய்யும் கைவினையை யுனெஸ்கோ 2013இல் மானுட மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. நடுவே எரியும் அடுப்பின் வெப்பத்தை வெளியே விடாமல் வைத்திருப்பதே அதன் சிறப்பு. ஆண்டு முழுவதும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தே இருக்கும் பேராக்கில் அச்சிறப்பே குறையாகிவிடுகிறது. துணியில் பூஞ்சை பிடிக்கிறது, குளிர்சாதனம் ஓயாமல் ஓட வேண்டியிருக்கிறது, வளைந்த சுவரில் அலமாரி சாய்வதில்லை. உலான்பாட்டார் நகர விளிம்பில் மேய்ச்சலை இழந்து வந்து கூடாரங்களில் நிலைத்துவிட்டவர்கள் குளிர்காலத்தில் நிலக்கரிப் புகையால் படும் பாட்டைப் பார்த்தால், நகர்வதற்கென்று பிறந்த வீடு நகராமல் நின்றுவிட்டால் அதன் சொந்த நாட்டிலும் அது துன்பமே தருகிறது என்பது புலப்படும். கோப்பெங் மலையடிவாரத்துக்கு ஏற்ற சிறுவீடு செமாய் மூங்கில் வீடாகவோ மலாய்க் கால்வீடாகவோதான் இருக்க முடியும். அவற்றை வாடகைக்கு விடுபவர்கள் குறைவு என்பது சுற்றுலாவின் விந்தைகளுள் ஒன்று.

சிறுவீட்டு இயக்கத்தார் முன்னோடியாகக் கொண்டாடும் ஹென்றி டேவிட் தோரோ, 1845இல் வால்டன் குளக்கரையில் கட்டிக்கொண்ட குடில் பத்தடிக்குப் பதினைந்தடி. லயத்து அறையைவிடச் சற்றே பெரிது. அவர் குடிலிட்ட நிலம் நண்பர் எமர்சனுடையது. இசைவு இருந்தவரை இருந்தார், இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கழிந்தபின் தாமே கிளம்பினார். இடையில் காங்கார்டு ஊருக்கும் தாய்வீட்டுக்கும் நடந்து போய் வருவதற்குத் தடையும் இருக்கவில்லை. நிலம் தனதல்லாத சிறுவீட்டுக்காரர் என்ற வகையில் அவரும் பால்வெட்டுத் தொழிலாளியும் ஒரே நிலையினர். வெளியேறும் நாளைத் தீர்மானித்தவர் யார் என்பதில்தான் இருவருக்கும் இடையில் ஓர் உலகமே இருக்கிறது.

இக்கால மலேசியாவிலும் நிலமே சிக்கல். பழத்தோட்டத்தில் ஒரு சிற்றறையை வைத்து ஓய்வுக்காலத்தைக் கழிக்க விரும்பும் நகரத்தார் பலர், 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில் என வகை பிரித்திருப்பதையும், சக்கரம் பூட்டிய வீடாயினும் ஊராட்சி மன்றத்தின் அனுமதி கேட்கப்படலாம் என்பதையும், பொருளைக் கொண்டுவந்து இறக்கிய பின்னரே தெரிந்துகொள்கிறார்கள். தச்சு வேலை ஒரு மாதத்தில் முடியும். தாள் வேலைக்கு அத்தகைய உறுதி இல்லை.

ஊத்தான் மெலிந்தாங்

கடலை நோக்கித் தென்மேற்கே இறங்கும் சாலை பீடோரையும் தெலுக் இந்தானையும் தொட்டுச் செல்கிறது. 1885இல் எழுந்து சாய்ந்துபோன தெலுக் இந்தான் மணிக்கோபுரத்தைத் தாண்டினால் நிலம் தட்டையாகி, தென்னையும் செம்பனையும் வாய்க்கால்களுமாக விரிகிறது. மலைகள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஊத்தான் மெலிந்தாங்கை அடுத்த ஜெண்டராட்டா தோட்டம், டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ரப்பருக்காகத் தொடங்கியது. இன்று யுனைடெட் பிளான்டேஷன்ஸ் நிறுவனத்தின் தலைமையிடமாகச் செம்பனை பயிரிடுகிறது. பழக்குலைகளை ஆலைக்குக் கொண்டுசெல்லும் குறுகிய தண்டவாளங்கள், மருத்துவமனை, தமிழ்ப்பள்ளிகள், கோயில், ரொட்டிச் சாலை, ஆதரவற்ற முன்னாள் தொழிலாளருக்கான முதியோர் இல்லம் எல்லாம் தோட்டத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. லயங்களின் இடத்தில் வேலியும் சிறு தோட்டமும் உடைய தனிவீடுகள் வந்துவிட்டன. தோட்டத்து வீடு எவ்வளவு நன்றாக இருக்கக்கூடும் என்பதற்கு நாட்டில் இதைப் போன்ற சான்றுகள் அதிகமில்லை. அதனால்தான் இங்கும் வீடு வேலையோடு பிணைந்ததே என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது செம்பனை வெட்டுபவர்களுள் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, இந்தியா, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டங்களுக்கு அப்பாலும் விரிந்தது. அதன் விதிகள் ஒரு தொழிலாளிக்குப் படுக்க 3.6 சதுர மீட்டர், கூட்டுப் படுக்கைக் கூடமாயின் 3 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்க விதி ஒரு சிறுவீட்டுக்கு அனுமதிக்கும் பரப்பில் பத்துப் பேரைப் படுக்கவைக்கலாம் என்பது இக்கணக்கின் பொருள். ஒரு நூற்றாண்டுக்கு முன் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்களுக்கு இப்படி எழுதப்பட்ட மீட்டர்கூட இருந்ததா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த ஒப்பீடு ஆறுதலாக இருக்கிறதேயன்றி விடையாக இல்லை.

தோட்டத்து எல்லைக்கு வெளியே, ஊத்தான் மெலிந்தாங் சாலையோரம், ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியின் மகன் சேமநிதிப் பணத்தைத் தந்தையோடு சேர்த்துப் போட்டு வாங்கிய மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். நண்பகலுக்கு வந்தவர்களை வாழையிலை நாசிலெமாவும் கெண்டை மீன் சம்பாலும் கொடுத்து உபசரித்துவிட்டு, அவர் வரைபடத்தை விரித்துக் காட்டுகிறார்: படுக்கையறை இரண்டே இரண்டு, அடுப்படி பின்னால், கூரைத் தகரத்தின்கீழ் வெப்பம் தாங்கும் தடுப்பு. கடன் வாங்கி மூன்று அறை கட்டும்படி மாமனார் சொன்னதை அவர் ஏற்கவில்லை. தாயோ அறைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கவே இல்லை; முன்பக்கம் முழுநீளத்துக்கு அஞ்சடி வேண்டும், அதில் பாய் விரித்துப் படுக்கும் அகலம் வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அந்த இடத்தில் கார் நிறுத்தப் பந்தல் காட்டினால்தான் அனுமதி விரைவாகக் கிடைக்கும் என்கிறார் வரைபடக்காரர். “காரு வெயில்ல நிக்கட்டும்டா” என்று தாய் சொல்ல, மகன் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் கலக்கப் போனார். அடித்தளத்துக்கான கம்பி இன்னும் கட்டப்படவில்லை.